புரோட்டானை எகிப்து முழத்தில் சொன்னால் எத்தனை தசமம் வரை நம்பலாம்?

பொறிவண்டு எழுதியது:

வணக்கம். கல்லூரி அறிவியல் மன்றக் கண்காட்சிக்காகப் பைத்தான் நிரல்மொழியில் ஓர் அலகு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அடி, அங்குலம், மீட்டர் எல்லாம் ஆளாளுக்குச் செய்து சலித்துவிட்டதால் ஒரு முனையில் ஃபெர்மி (10⁻¹⁵ மீட்டர்), எக்ஸ் அலகு (எக்ஸ் கதிர்களை அளக்க வைத்த பழைய அலகு), போர் ஆரம் (ஹைட்ரஜன் அணுவின் ஆரம்) மாதிரி பொடி அளவுகளையும், மறுமுனையில் எகிப்து அரச முழம், ரோமானிய மைல், நம்மூர் விரல், சாண், முழம் ஆகியவற்றையும் வைத்தேன். எதைக் கொடுத்தாலும் உள்ளே மீட்டராக மாறி, அங்கிருந்து கேட்ட அலகுக்குப் போகும். ஓடுகிறது, ஆனால் வருகிற விடையை நம்ப முடியவில்லை.

முதல் குழப்பம் முழம். ஒரு தளத்தில் 0.4572 மீட்டர் என்கிறார்கள், இன்னொன்றில் 0.5235, மற்றொன்றில் 0.5236, ஒரு பிரமிடு பித்தர் பன்னிரண்டு தசமம் வரைக்கும் போட்டு வைத்திருக்கிறார். எதை எடுப்பது?

அடுத்தது இதைவிட மோசம். சும்மா சோதித்துப் பார்ப்போமே என்று ஒரு முழத்தோடு ஒரு புரோட்டானின் விட்டத்தைக் கூட்டி, உடனே அதே முழத்தைக் கழித்தேன். போட்டது 1.682 ஃபெர்மி, திரும்பி வருவது 1.665. முழத்தை 0.4572 என்று வைத்தாலும் 0.5236 என்று வைத்தாலும் அதே 1.665 தான். ரோமானிய மைலோடு கூட்டிக் கழித்தால் புரோட்டான் சுத்தமாகக் காணாமல் போய்ப் பூஜ்யம் வருகிறது.

கடைசியாக ஒன்று. எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் சித்தப்பா ஒரு பட்டியல் போட்டார். எட்டு அணு ஒரு கதிர்த்துகள், எட்டு கதிர்த்துகள் ஒரு துசும்பு என்று ஆரம்பித்து மயிர்நுனி, நுண்மணல், சிறுகடுகு, எள், நெல் என்று ஏறி விரலில் வந்து நிற்கிறது. இந்த அணுவை மாற்றியில் சேர்க்கலாமா? சேர்த்தால் எத்தனை ஃபெர்மி போடுவது? கண்காட்சிக்கு வருகிறவர்கள் இதைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.


நிரல்வாசி எழுதியது:

நடுவில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றவை என் துறை இல்லை.

பலர் இப்படிப்பட்ட இடத்தில் "எண் ரொம்பச் சின்னது, கணினி தாங்கவில்லை" என்பார்கள். அது காரணம் இல்லை. பைத்தானின் சாதாரண ஃப்ளோட், அதாவது தசம எண்களை வைக்கிற வகை, 10⁻³⁰⁸ வரைக்கும் இறங்கும், 10⁻¹⁵ அதற்குத் தூசு. ஒரு ஃபெர்மியை மட்டும் தனியாக வைத்துப் பெருக்கினாலும் வகுத்தாலும் ஒரு குறையும் வராது. சின்னதையும் பெரியதையும் கூட்டும்போதுதான் வில்லங்கம்.

ஃப்ளோட்டில் மதிப்புள்ள இலக்கங்களுக்கு 53 பிட் தான் இடம். ஆகவே 0.5-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கிற எண்கள் 1.11×10⁻¹⁶ இடைவெளியில் படிபடியாகத்தான் இருக்கும், இரண்டு படிக்கு நடுவே எதையும் எழுதி வைக்க முடியாது. மீட்டரில் சொன்னால் ஒரு படி 0.11 ஃபெர்மி. உங்கள் புரோட்டான் 1.682 ஃபெர்மி, அதாவது 15.15 படி. அது 15 படியாக மழுங்கும். 15 × 0.111 = 1.665. விடை வந்துவிட்டதா? 0.4572 என்று வைத்தால் படி பாதியாகிறது, 30.3 படி வரும், அது 30 ஆகும், மறுபடி அதே 1.665. தற்செயல் தான், வேறு ஒரு நீளம் போட்டால் இரண்டும் வேறுபடும்.

ரோமானிய மைலை 1480 மீட்டர் என்று வைத்திருப்பீர்கள். அந்த உயரத்தில் ஒரு படி 227 ஃபெர்மி. அதில் ஒரு புரோட்டானைக் கூட்டுவதும் கூட்டாததும் ஒன்று.

தீர்வு: மீட்டரை நடு அலகாக வைக்காதீர்கள். எல்லாவற்றையும் முழு எண்ணாக, ஃபெர்மியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று ஏதாவது ஒன்றில் வையுங்கள். பைத்தானின் சொந்த முழு எண்ணுக்கு எல்லை கிடையாது, எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் போகும். ஆனால் வேகம் வேண்டும் என்று நம்ப்பை (வேகமான எண் கணக்குக்கான பைத்தான் நூலகம்) பக்கம் போனால் அங்கே 64 பிட் தான், 9.2×10¹⁸-க்கு மேல் சத்தமே இல்லாமல் கவிழ்ந்து எதிர்மறை எண்ணைக் காட்டும். வெறும் ஃபெர்மியில் வைத்தாலும் 9.2 கிலோமீட்டரோடு கதை முடிந்தது. ரோமானிய மைல் உள்ளே அடங்கும். காதத்தை 6000 பாகம், பாகத்தை 4 முழம் என்று எடுத்தால் 10.8 கிலோமீட்டர் வரும், அது அடங்காது. பின்னங்கள் வந்தால் பைத்தானிலேயே பின்ன எண்ணுக்கான வகை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.


கல்வெட்டு_மாமா எழுதியது:

தம்பி, நிரல்வாசி சொன்னபடி செய்தால் கூட்டல் சரியாக வந்துவிடும். ஆனால் சரியாகக் கூட்டிய பிறகும் உங்கள் விடையில் மூன்றாவது இலக்கத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம் வெறும் காற்று. ஏன் என்பதற்குக் கொஞ்சம் எகிப்துக்குப் போக வேண்டும்.

0.4572 என்பதை முதலில் தூக்கி எறியுங்கள். அது 18 ஆங்கில அங்குலம். அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்று முடிவானது 1959-இல். முழம் ஏறத்தாழ 18 அங்குலம் என்று யாரோ வசதிக்குச் சொன்னதை எடுத்து, அந்தப் புது அங்குலத்தால் பெருக்கி நான்கு தசமம் போட்டிருக்கிறார்கள். எந்தப் பழைய கோலிலும் அந்த அளவு பொறித்துக் கிடைத்ததல்ல. எபிரேய முழம் வேண்டுமென்றால் எருசலேமில் சீலோவாம் சுரங்கத்தைப் பாருங்கள். அங்கே கிடைத்த கல்வெட்டு 1200 முழம் என்கிறது, சுரங்கம் சுமார் 533 மீட்டர், ஆக முழம் 44 சென்டிமீட்டரை ஒட்டி வருகிறது. அதிலும் 1200 என்பது முழுசாக்கிச் சொன்ன எண்ணாகத்தான் தெரிகிறது, 1187 முழம் இருந்திருந்தாலும் கல் வெட்டுகிறவன் 1200 என்றுதான் வெட்டியிருப்பான்.

எகிப்து அரச முழம் வேறு. அது 7 உள்ளங்கை, ஓர் உள்ளங்கைக்கு 4 விரல், மொத்தம் 28 விரல். சாதாரண முழம் 6 உள்ளங்கை, 24 விரல், சுமார் 45 சென்டிமீட்டர். இரண்டையும் கலந்து வைத்திருக்கிற தளங்கள் ஏராளம், விரல் கணக்கு போடும்போது 24-ஆ 28-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அரச முழத்தின் நீளத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, கையில் கிடைத்த கோல்கள். துட்டன்காமனின் கருவூலத் தலைவன் மாயாவின் கோல் பாரிஸ் லூவரில் இருக்கிறது, டூரின் அருங்காட்சியகத்தில் இன்னொன்று இருக்கிறது, இப்படிச் சில. இவை எல்லாம் ஒரே நீளம் கிடையாது, ஏறக்குறைய 52.3 முதல் 52.9 சென்டிமீட்டர் வரை மாறும். போதாததற்கு, ஒரே கோலின் உள்ளேயே விரல் குறிகள் சமமாக இருக்காது. பல கோல்கள் கல்லறையில் வைப்பதற்காகச் செய்தவை, அவற்றை வைத்துத் தச்சன் அளந்திருக்க மாட்டான்.

இன்னொரு வழி, கட்டிடத்திலிருந்து பின்னோக்கிப் போவது. 1880 முதல் 1882 வரை ஃபிளிண்டர்ஸ் பெட்ரி கீசாவில் உட்கார்ந்து பெரிய பிரமிடை அங்குலம் அங்குலமாக அளந்தார். அடிப்பக்கம் சராசரி 230.35 மீட்டர். இது 440 முழம் என்று எடுத்தால் முழம் 0.5235 மீட்டர். உள்ளே மன்னன் அறை 20-க்கு 10 முழம், அதிலிருந்தும் அவருக்குச் சுமார் 20.62 அங்குலம், அதாவது 52.37 சென்டிமீட்டர் கிடைத்தது. இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். கோல்களைவிடக் கல் கட்டிடம் நம்பகமாக இருப்பதற்குக் காரணம் சுலபம்: 440 முறை போட்ட அளவை 440-ஆல் வகுக்கும்போது ஒவ்வொரு முறையும் வந்த சின்னப் பிசகுகள் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஆனால் 440 என்று நாம்தான் சொல்கிறோம் என்பதையும் மறக்கக்கூடாது.

அந்தப் பன்னிரண்டு தசமப் பித்தர் பை (π) என்ற வட்ட விகிதத்தை 6-ஆல் வகுத்திருப்பார், 0.523598 என்று வரும். மீட்டர் பிறந்ததே 1790-களில் பிரான்சில். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய தச்சன் பிரெஞ்சுக்காரன் மீட்டரில் பையைக் கண்டான் என்றால் கேட்கிறவனுக்கு மதி வேண்டாமா?

சரி, கணக்குக்கு வருவோம். 0.5235 எடுத்தால் ஓர் ஃபெர்மி 1.910×10⁻¹⁵ அரச முழம். 52.9 சென்டிமீட்டர்க் கோலை எடுத்தால் 1.890. ஆகவே "சுமார் 1.9×10⁻¹⁵" என்று போட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது, "பிரமிடு முழம்" என்று பெயர் சொல்லிப் போட்டால் 1.91 வரை போகலாம். திருப்பிச் சொன்னால் ஒரு முழத்துக்கு 5.2 கோடி கோடி ஃபெர்மி. நம் கோடி இங்கே அழகாக உட்காருகிறது, கோடியைக் கோடியால் பெருக்கினால் சரியாக 10¹⁴.


பொறிவண்டு எழுதியது:

நிரல்வாசி அண்ணா, முழு எண்ணுக்கு மாற்றிவிட்டேன், 1.682 அப்படியே திரும்பி வருகிறது. மாமா, முழத்துக்குப் பக்கத்தில் "பிரமிடு", "கோல்" என்று தனித்தனியாகப் போடுகிறேன்.

அப்படியென்றால் கோளாறு எல்லாம் பழைய அளவுகள் பக்கம்தான், ஃபெர்மி பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?


தாரா_பௌதிகம் எழுதியது:

ஃபெர்மியை நம்பலாம். புரோட்டானை அப்படி நம்ப முடியாது. இரண்டும் வேறு.

ஃபெர்மி என்பது 10⁻¹⁵ மீட்டர், வரையறை, அதில் பிழை என்று ஒன்று கிடையாது. மீட்டரே 1983 முதல் ஒளியின் வேகத்தை வைத்து வரையறுக்கப்பட்டது. 1956-இல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் இந்தப் பெயரைக் கட்டுரையில் எழுதினார், என்ரிக்கோ ஃபெர்மி இறந்து சில காலம்தான் ஆகியிருந்தது. பிறகு 1964-இல் ஃபெம்டோ என்ற முன்னொட்டு அதிகாரபூர்வமாக வந்ததும் ஃபெம்டோமீட்டர் என்றாகிவிட்டது, நல்லவேளையாக இரண்டுக்கும் ஒரே சுருக்கெழுத்து.

நீங்கள் 1.682 என்று போட்டது புரோட்டானின் மின்னூட்ட ஆரத்தை இரண்டால் பெருக்கியது. அது அளந்து பெற்ற எண். இதே ஹாஃப்ஸ்டாட்டர் எலக்ட்ரான்களைப் புரோட்டான் மேல் மோத விட்டு 1955-இல் முதலில் பெற்ற ஆரம் 0.74 ஃபெர்மி, கூடக் குறைய 0.24. அதாவது மூன்றில் ஒரு பங்கு சந்தேகத்தோடு. போகப் போகத் துல்லியம் கூடி, 2010 வாக்கில் ஏற்கப்பட்ட மதிப்பு 0.8768 ஃபெர்மி. எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

அந்த வருஷம்தான் சுவிட்சர்லாந்தில் பால் ஷெரர் நிறுவனத்தில் ஒரு குழு வேறு மாதிரி அளந்தது. ஹைட்ரஜனில் எலக்ட்ரானுக்குப் பதிலாக மியூயானைச் சுற்ற விட்டார்கள். மியூயான் எலக்ட்ரானைவிட 207 மடங்கு கனம், அதனால் கிட்டத்தட்ட 200 மடங்கு நெருங்கிச் சுற்றும், புரோட்டானின் பருமன் அதன் ஆற்றல் மட்டத்தில் நன்றாகத் தெரியும். லேசரால் அதை அளந்தபோது வந்த ஆரம் 0.8418. நான்கு சதவீதம் குறைவு. அவரவர் சொன்ன பிழை எல்லைக்குள் இரண்டும் அடங்கவே இல்லை. புதிய இயற்பியலே இருக்கிறதோ என்று கட்டுரைகள் குவிந்தன. 2019-இல் சாதாரண ஹைட்ரஜனைக் கனடாவில் அளந்ததும், அமெரிக்காவில் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் எலக்ட்ரான் சிதறலை வைத்து அளந்ததும் 0.83-ஐ ஒட்டி வந்த பிறகு சின்ன மதிப்புப் பக்கம் தராசு சாய்ந்துவிட்டது.

இப்போது மாமா சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். கோல்களை எல்லாம் சேர்த்தாலும் அரச முழத்தின் சந்தேகம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். புரோட்டான் ஆரத்தில் பல வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது நான்கு சதவீதம். அந்தக் காலகட்டத்தில் பார்வோன் முழம் நமக்குப் புரோட்டானைவிட நன்றாகத் தெரிந்திருந்தது! என் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இன்னொன்று, உங்கள் பட்டியலில் எக்ஸ் அலகு இருக்கிறதே, அதில் கவனம். அதை 10⁻¹³ மீட்டர் என்று போட்டிருந்தால் மாற்றுங்கள். 1920-களில் மான்னே சீக்பான் எக்ஸ் கதிர்களை அளக்கக் கால்சைட் படிகத்தின் அடுக்கு இடைவெளியை ஆதாரமாக வைத்து இந்த அலகை உண்டாக்கினார், அது சரியாக 10⁻¹³ மீட்டர் இருக்கும் என்பதுதான் எண்ணம். ஆனால் படிக இடைவெளியைக் கணக்கிட எலக்ட்ரான் மின்னூட்டம் தேவை. அதற்கு மில்லிகனின் எண்ணெய்த் துளி மதிப்பை எடுத்தார்கள். மில்லிகன் பயன்படுத்திய காற்றின் பாகுநிலை மதிப்பு கொஞ்சம் தப்பு. காற்றின் பாகுநிலையில் விழுந்த பிசகு மின்னூட்டம் வழியாகப் படிகத்துக்குப் போய், அங்கிருந்து நீள அலகுக்கே வந்து சேர்ந்தது. 1940-களின் கடைசியில்தான் மாற்றுக் காரணி ஒழுங்கானது. இன்றைய மதிப்பில் ஓர் எக்ஸ் அலகு சுமார் 1.002×10⁻¹³ மீட்டர், அதாவது ஏறத்தாழ 100.2 ஃபெர்மி. அதற்கு முந்தைய படிகவியல் கட்டுரைகளில் ஆங்ஸ்ட்ராம் என்று அச்சாகியிருப்பது பல இடங்களில் உண்மையில் ஆயிரம் எக்ஸ் அலகு தான். பழைய அட்டவணையிலிருந்து எண் எடுக்கிறவர்கள் இந்த 0.2 சதவீதத்தில் இன்றும் மாட்டுகிறார்கள்.


முப்பாட்டன்_புகழ் எழுதியது:

எல்லாம் சரி, அந்தத் தம்பி கேட்ட கடைசிக் கேள்வியை மட்டும் அத்தனை பேரும் நைசாகத் தாண்டிவிட்டீர்கள். விரலை எட்டு முறை எட்டால் வகுத்தால் வருவது அணு. விரல் 1.9 சென்டிமீட்டர் என்றால் அணு 1.1 நானோமீட்டர். இன்றைய விஞ்ஞானம் சொல்கிற அணுவின் அளவுக்கு இவ்வளவு கிட்டத்தில் வருகிறதே, நுண்ணோக்கி இல்லாத காலத்தில் இது எப்படிச் சாத்தியம்? வெள்ளைக்காரன் சொன்னால்தான் அறிவியலா? அதற்கும் கீழே நுண்ணணு, கோண் என்று இரண்டு படி இருக்கிறது, அதையும் சேருங்கள்.


கல்வெட்டு_மாமா எழுதியது:

தாண்டவில்லை ஐயா, மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன்.

உங்கள் பெருக்கல் சரி. எட்டின் எட்டாவது அடுக்கு 1,67,77,216. 1.9 சென்டிமீட்டரை இதனால் வகுத்தால் 1.13 நானோமீட்டர், அதாவது சுமார் 11 லட்சம் ஃபெர்மி. உண்மையான அணுக்களின் விட்டம் இதில் ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று என்று இருக்கும், அதைக்கூட விடுங்கள். நடுவில் இருக்கிற படிகளைக் கொஞ்சம் பார்ப்போமா?

எட்டு நெல் ஒரு விரல். நெல் 2.4 மில்லிமீட்டர் வருகிறது. நெல்லைக் குறுக்குவாட்டில் அடுக்கினால் இது பொருந்தும், நீங்களே எட்டு நெல்லை விரல் மேல் அடுக்கிப் பார்க்கலாம். அடுத்த படி, எட்டு எள் ஒரு நெல். அப்படியென்றால் எள் 0.3 மில்லிமீட்டர். சமையலறைக்குப் போய் ஓர் எள்ளை எடுத்து ஒரு நெல்லுக்குப் பக்கத்தில் வையுங்கள். எள்ளின் அகலமே 2 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், நெல்லின் அகலத்தில் எட்டு எள்ளை எப்படி அடுக்குவீர்கள்? இரண்டு அடுக்கவே திணறும். அதற்கும் கீழே சிறுகடுகு 0.04 மில்லிமீட்டர் என்று வருகிறது, நிஜக் கடுகு ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாது. மயிர்நுனி 0.0006 மில்லிமீட்டர், நம் தலைமுடியின் தடிமன் 0.05-க்கு மேல், நூறு மடங்கு வித்தியாசம்.

கண்ணால் பார்க்கக்கூடிய எள்ளிலேயே பொருந்தாத ஏணி, பார்க்க முடியாத அணுவில் மட்டும் எப்படிப் பொருந்தும்? எட்டு எட்டாக வகுத்துக்கொண்டே போனார்கள், ஒவ்வொரு படிக்கும் அதைவிடச் சின்னதாகத் தெரிந்த ஒரு பொருளின் பெயரை வைத்தார்கள், அவ்வளவுதான். எட்டு என்றது கன அளவை என்று சிலர் வாதாடுவார்கள். அப்படி வைத்தால் நீளம் ஒவ்வொரு படிக்கும் பாதிதான் குறையும், நெல்லிலிருந்து ஏழு படி இறங்கினால் அணு 0.02 மில்லிமீட்டர். நானோமீட்டர் பெருமை அங்கேயே போய்விடும்.

அடுத்து, எந்த ஏணி? சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் அரங்கேற்று காதையில் கோல் கணக்கு சொல்லும்போது அணு, தேர்த்துகள், இம்மி, எள்ளு, நெல்லு, பெருவிரல் என்று ஐந்தே படி. அர்த்தசாஸ்திரத்திலும் ஐந்து படிதான்: பரமாணு, தேர்த்துகள், ஈர், பேன், வாற்கோதுமையின் நடு, அப்புறம் அங்குலம். எட்டின் ஐந்தாவது அடுக்கு 32,768. அந்தக் கணக்கில் அணு 580 நானோமீட்டர், ஒரு சின்ன பாக்டீரியாவின் பருமன், 58 கோடி ஃபெர்மி. உங்கள் பட்டியலுக்கும் இதற்கும் 512 மடங்கு வித்தியாசம். 512 மடங்கு மாறுகிற ஒன்றில் எது நிஜ அணுவுக்குப் பக்கத்தில் வருகிறதோ அதை மட்டும் பொறுக்கி எடுத்தால் ஆச்சரியம் கிடைக்கத்தான் செய்யும். நுண்ணணு, கோண் விஷயம், அதுவரை எட்டெட்டாக வந்த ஏணி அங்கே மட்டும் திடீரென்று பத்தாகிறது. பின்னாளில் யாரோ ஒட்டிய வால் மாதிரிதான் எனக்குத் தெரிகிறது.

இதனால் முன்னோர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நான் சொன்னதாக யாரும் கிளப்ப வேண்டாம். நேர் எதிர். இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளைப் பாருங்கள். நில வரிக் கணக்கில் ஒரு வேலியின் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரைக்கும் போகிறார்கள். இன்றைய கணக்கில் வேலி 6.6 ஏக்கர் அளவு என்று வைத்தால் அது அரை சதுர மில்லிமீட்டர் நிலம்! யாரும் வயலில் இறங்கி அரை சதுர மில்லிமீட்டரை அளக்கவில்லை. அந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள், 320-ஐ நான்கு முறை பெருக்கி ஐந்தால் பெருக்கியது. முந்திரி 320-இல் ஒன்று, கீழ்முந்திரி அதிலும் 320-இல் ஒன்று. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கி, வந்த விடையை மிச்சம் வைக்காமல் முழுசாக எழுதியிருக்கிறார்கள். எழுதிய கணக்கர் அசாத்தியத் திறமைசாலி. நிலத்தை அளந்தது கோல், அந்தக் கோலின் துல்லியம் தனி. உங்கள் பைத்தான் பதினாறு இலக்கம் துப்புவதும் அதே வேலைதான்.


முப்பாட்டன்_புகழ் எழுதியது:

எள் விஷயம் யோசிக்க வேண்டியதுதான். ஆனால் ஏணியை மாற்றியில் சேர்க்கவே கூடாது என்று சொல்ல மாட்டீர்களே?


கல்வெட்டு_மாமா எழுதியது:

ஏன் சொல்கிறேன், தாராளமாகச் சேர்க்கட்டும். "அணு, எட்டுப் படி ஏணி" என்று ஒன்று, "அணு, ஐந்து படி ஏணி, அடியார்க்கு நல்லார்" என்று ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் வருகிறவர்களே கேள்வி கேட்பார்கள்.


நிரல்வாசி எழுதியது:

பொறிவண்டு, அப்படியானால் உங்கள் தரவு அமைப்பை இப்போதே மாற்றிவிடுங்கள், பிறகு செய்தால் கை வலிக்கும். ஒவ்வோர் அலகுக்கும் ஓர் எண் மட்டும் போதாது. மதிப்பு, கீழ் எல்லை, மேல் எல்லை, எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி. ஃபெர்மிக்குக் கீழும் மேலும் ஒன்றே. அரச முழத்துக்கு 0.523, 0.529. பிறகு மாற்றும்போது இரண்டு எல்லைகளையும் தனித்தனியாக ஓட்டுங்கள், இரண்டு விடையிலும் ஒத்துப்போகிற இலக்கங்களை மட்டும் கருப்பில் காட்டி, மீதியைச் சாம்பல் நிறத்தில் காட்டலாம். அலகு உண்மையில் ஒரு கோலா, வெறும் வரையறையா என்று தனியாகச் சொல்லத் தேவையே இருக்காது, சாம்பல் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.


பொறிவண்டு எழுதியது:

சாம்பல் நிற யோசனை பிரமாதம் அண்ணா, போட்டுவிட்டேன். ஒரு புரோட்டான் விட்டம் அரச முழத்தில் 3.18×10⁻¹⁵ முதல் 3.22×10⁻¹⁵ வரை வருகிறது, 3-க்கு அப்பால் எல்லாம் சாம்பல். அதேபோல் 1.89, 1.91 மாதிரி வரும் இடத்திலும் ஒத்துப்போகிற இலக்கம் 1 மட்டும்தான், 8-ம் 9-ம் வேறு என்று மீதியை முழுசாகச் சாம்பலாக்கிவிடுகிறது. பார்க்க அநியாயமாக இருக்கிறது, ஒரு சதவீதம்தானே வித்தியாசம்?


தாரா_பௌதிகம் எழுதியது:

இலக்கங்களை ஒப்பிட்டால் அப்படித்தான் ஆகும், 1.999-க்கும் 2.001-க்கும் ஓர் இலக்கம்கூடப் பொதுவில் கிடையாது. இலக்கத்தை விட்டுவிட்டு மேல் கீழ் வித்தியாசத்தில் பாதியை எடுங்கள், இங்கே 0.01. அந்த இடம் வரைக்கும் கருப்பு, அதற்கு அப்பால் சாம்பல். 1.90, கூடக் குறைய 0.01 என்று வரும். போர் ஆரத்தையும் இதே வழியில் ஓட்டிப் பாருங்கள், அதை 10 இலக்கம் வரைக்கும் அளந்து வைத்திருக்கிறார்கள், முழத்துக்கு மாற்றியதும் நான்கில் வந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் உங்கள் நிரல் சரி.